187-ஆம் பக்கம்: சுங்கை சிப்புட்டில் ஐந்து நாள்

ஜூலை 10, வியாழன்

இறங்க வேண்டிய ஊரைத் தூக்கத்தில் தவறவிட்டேன். மதுரையில் வீட்டைப் பூட்டிக் கிளம்பியதிலிருந்து கண்ணை மூடவில்லை. கோலாலம்பூரில் ரயில் ஏறி, அந்தக் குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஈப்போ வந்தது தெரியும், அப்புறம் கண் விழித்தபோது சுங்கை சிப்புட் பின்னால் போய்விட்டது. அடுத்த நிறுத்தமான கோலகங்சாரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். உச்சி வெயில், புழுக்கம், நடைமேடையில் நாலே பேர். டிக்கெட் சோதிக்கும் மலாய்ப் பெண் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். உட்காரச் சொல்லி ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார், காசு கொடுத்தால் கையை அசைத்து மறுத்துவிட்டார்.

காணாமல் போன ஒரு தமிழ் நாவலைச் சுங்கை சிப்புட்டில் மறுபடி அச்சிட முயலும் வாத்தியாருக்குப் போன் போட்டேன். நான் வந்ததே அந்த வேலைக்குத்தான். அவர் சிரித்தார். "நல்லதாப் போச்சும்மா, நான் ஆள் அனுப்புறேன். வர்றதுக்குள்ள அந்த மரத்தப் பாத்துடுங்க, அதையும் பாக்காம எப்படி?"

அந்த மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறது. இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகளை 1877-ல் கோலகங்சாரில் நட்டார்களாம், அதில் மிஞ்சியது இது ஒன்றுதான். அடிமரம் முண்டும் முடிச்சுமாகக் கிடக்கிறது. நான் பத்து நிமிடம் நின்றேன். அகலமான நிழல், கீழே காய்ந்த இலைகள், பக்கத்துச் சாலையில் மோட்டார் சைக்கிள்கள், வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கப்பல் ஏறி வந்த அத்தனை பேரும் இந்த மரத்தின் பிள்ளைகளுக்குப் பின்னால் வந்தவர்கள்தானே என்று நினைத்தபோது வேலியைப் பிடித்த கை வியர்த்துவிட்டது.

காய்கறி வேனில் ஒரு தம்பி வந்தார். முப்பது வயது இருக்கும். முன் இருக்கையில் இருந்த கங்கோங் கீரைக் கட்டுகளைப் பின்னால் தள்ளிவிட்டு "ஏறுங்கக்கா" என்றார். சுங்கை சிப்புட்டுக்கு அரை மணி நேரம். பெட்ரோலுக்குக் காசு கொடுக்க எவ்வளவோ முயன்றேன், வாங்கவில்லை. புத்தகத்துக்குப் பணம் கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன். "மூணு காப்பிக்குக் கட்டிட்டேன். எனக்கு ஒண்ணு, ரெண்டு அக்காவுக்கும் ஒவ்வொண்ணு. நான் தமிழ்ப் புத்தகம் படிச்சே பத்து வருஷம் ஆகுதுக்கா. ஆனா இதுல எங்க தோட்டம் இருக்குன்னு வாத்தியார் சொன்னாரு."

அந்தத் தம்பிக்கு நான் அப்போது சரியாக நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

ஏன் வந்தேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-ல் வந்தது. வந்த காலத்தில் பெரிதாக யாரும் பேசவில்லை. மெதான், பினாங்கு, ஜப்பான் படையெடுப்பு என்று விரியும் அந்த நாவலை எழுதியவர் மதுரையில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பல ஆண்டுகள் ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாக வாழ்ந்து, 1997-ல் இறந்தார். நான் கல்லூரிக்குப் போன வருஷங்களில் என் பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகும். அவர் உள்ளே இருந்தார், நான் வெளியே போனேன், எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. பின்னாளில் சில வாசகர்கள் விடாமல் அந்த நாவலைப் பற்றிப் பேசி, எழுதி, மறுபதிப்பு வரவைத்ததால்தான் அது என் கைக்கு வந்தது. முதல் தடவை படித்து முடித்த இரவு அந்த வாசகர்கள்மேல்தான் எனக்கு நன்றி பொங்கியது. எழுதியவருக்குச் சொல்ல வழியில்லை, அதைத் தூக்கிச் சுமந்தவர்களுக்காவது சொல்லலாமே என்று தோன்றியது.

அதற்குப் பிறகு பழைய நூல்களைத் தட்டச்சு செய்பவர்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முழுக்க இப்படி முகம் தெரியாத ஆட்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்ததில் வளர்ந்ததுதான். அப்படி ஒருவர் மூலம்தான் சுங்கை சிப்புட் வாத்தியார் பழக்கமானார். இந்த ஊர் ரப்பர் தோட்டம் ஒன்றைக் களமாகக் கொண்ட ஒரு நாவல், 1970-களின் தொடக்கத்தில் வந்தது, ஒரே பதிப்பு, அதோடு காணாமல் போனது. அதை மறுபடி அச்சிட இங்கே சிலர் சேர்ந்திருக்கிறார்கள். எழுதியவரின் மகனிடமிருந்து கையெழுத்தான கடிதம் இன்னும் வந்து சேராததால் நாவலின் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. மலேசியச் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 50 வருஷம் வரை உரிமை வாரிசுக்குத்தான், இந்தியாவில் 60. யார் கேட்கப்போகிறார்கள் என்று சிலர் சொன்னபோது "நான் கேட்பேன்" என்றாராம் வாத்தியார். எனக்கு அது பிடித்திருந்தது.

காலையில் பசியாற அழைத்துப் போனார். இங்கே காலை உணவு சாப்பிடுவதற்குப் பசியாறுதல் என்றுதான் சொல்கிறார்கள். மதுரையில் அரிதாகிவிட்ட சொல், இங்கே டீக்கடைப் பையன் வாயில் சாதாரணமாக வருகிறது. ரொட்டி சானாய் ஒன்று 1.60 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்கிறார்கள்), தே தாரிக் 2 வெள்ளி. ரொட்டிக்கு ஊற்றிய பருப்புக் குழம்பில் கத்தரிக்காய் கரைந்து போயிருந்தது, மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். மதுரை என்றதும் உள்ளே போய்த் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார், அப்புறம் போய்விட்டார். வாத்தியார் சொன்னார், அந்த அம்மாவின் அப்பா மேலூர்ப் பக்கம், ஒருதடவைகூட ஊருக்குத் திரும்பிப் போனதில்லை.

கடைவீதியின் அஞ்சடியில் நடந்தோம். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதைதான் அஞ்சடி. ஜவுளிக்கடை, சீனர் மருந்துக்கடை, ஜோதிடர், பூமாலை கட்டும் பெண்கள். ஒரு முழம் மல்லிகை விலை கேட்டு அதிர்ந்தேன். மதியம் வாழை இலைச் சாப்பாடு 11 வெள்ளி, அதில் நெத்திலி சம்பலுக்கு மட்டுமே அந்தப் பணத்தைக் கொடுக்கலாம்.

மாலையில் பழைய பிரதியைக் காட்டினார். பிளாஸ்டிக் பை, அதற்குள் துணி, அதற்குள் புத்தகம். துணியில் இரண்டு கற்பூரக் கட்டி. அட்டையின் ஓரம் தொட்டாலே உதிர்ந்தது. முதல் பக்கத்தில் தோட்டத்துப் படிப்பகத்தின் ஊதா முத்திரை. பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டிய கட்டம் போட்ட தாளில் இரவல் வாங்கியவர்கள் கையெழுத்து. எண்ணினேன், 41 பேர். முதல் தேதி 1974, கடைசி 1986. நாலு இடத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை இருந்தது. படிக்கத் தெரியாதவர் எதற்குப் புத்தகம் வாங்கினார் என்று கேட்டேன். "வீட்டுல யாராவது வாசிச்சுக் காட்டுவாங்க. லயத்துல ராத்திரி ஒரு வீட்டுல வாசிச்சா நாலு வீட்டுக்குக் கேக்கும்." தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்தான் லயம். தோட்டம் விற்கப்பட்டபோது படிப்பகத்துச் சாமான்களை அள்ளி வெளியே போட்டார்கள், இந்த ஒன்றை மட்டும் வேலையாட்களை மேற்பார்க்கும் ஒரு மண்டோர் வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார். ஒரு நூலகம் பழைய தமிழ்ப் புத்தகங்களை இடமில்லை என்று கழித்துவிட்டதாம், அங்கே இருந்த பிரதி என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அந்த மண்டோர் இறந்து பல வருஷம் ஆகிறது. அவர் நாவல் படிக்கிற ஆள் இல்லையாம். புத்தகத்தைக் குப்பையில் பார்க்க மனசு வரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

ஜூலை 12, சனி

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

வாத்தியார் வீட்டு முன்கூடத்தில் 14 பேர். பாதிப்பேர் ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர்கள், எல்லாருக்கும் அறுபதுக்கு மேல். கல்லூரிப் பெண்கள் மூன்று பேர், காய்கறி வேன் தம்பி, ஒரு நர்ஸ். ஒருத்தர் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே தப்பைச் சொல்ல வேண்டும். மெய்ப்பு இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

121 முதல் 160 வரை மதுரையிலிருந்து நான் திருத்தி அனுப்பிய பக்கங்கள். கல்லூரிப் பெண் வாசிக்க ஆரம்பித்தாள். நாலாவது வரியில் மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி கையைத் தூக்கினார்.

"புரட்டா? என்ன புரட்டு? யாரு புரட்டுப் பண்ணா?"

வரி இதுதான்: விடியுமுன்னே எல்லாரும் புரட்டுக்குப் போய் நின்றார்கள். பழைய பிரதியில் 'பெரட்டு' என்று இருந்தது, அச்சுப் பிழை என்று நினைத்து நான்தான் மாற்றினேன். பெரட்டு என்றால் விடிகாலையில் ஆள் எண்ணிப் பேர் வாசிக்கிற இடம், தோட்டத்து வாழ்க்கையே அங்கேதான் தொடங்கும். பாட்டி எழுந்து நின்று காட்டினார். "இப்படி வரிசையா நிப்போம். தண்டல் பேரு கூப்புடுவாரு. குரல் கேக்கலைன்னா அன்னிக்கு வேலை இல்ல, சம்பளம் இல்ல."

அடுத்தது 'மங்கு'. மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற கிண்ணம். நான் அதை 'மங்கை' ஆக்கியிருந்தேன். மரத்தடியில் மங்கை நிறைந்திருந்தாள் என்று ஒரு வரியே மாறிப்போயிருந்தது. 'ஒட்டுப்பால்', அதாவது வெட்டிய இடத்தில் ஒட்டி உறைந்த பால், ஓட்டுப்பால் ஆகியிருந்தது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இந்த நாவலைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அதன் சொற்களை ஒவ்வொன்றாகக் கொன்றிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன், குரல் கம்மிவிட்டது. பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து "நீ மரம் பாத்ததில்லல்ல, உனக்கு எப்படித் தெரியும்" என்று தோளைத் தட்டினார். அப்புறம் என் கையை இழுத்து, என் முன்கையையே மரமாக வைத்து, விரல் நகத்தால் மேலிருந்து சாய்வாக ஒரு கோடு இழுத்தார். "ஆழமாப் போச்சுன்னா மரத்துக்குப் புண்ணு. மேலாக்கப் போச்சுன்னா பாலு வராது. காகிதக் கனத்துக்குச் சீவணும்." விடிவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும் என்பதால்தான் அந்த இருட்டு வேலை. மழை பெய்தால் மங்கில் தண்ணீர் விழுந்து பால் வீணாகும், அன்றைக்குப் பிழைப்பு இல்லை. நாவலில் மழை வரும்போதெல்லாம் ஒரு பயம் வருவது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

மதியம் மழை. தகரக் கூரைமேல் பெய்த சத்தத்தில் வாசிப்பு நின்றது. நர்ஸ் கொண்டுவந்த மீ கோரெங்கை எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டோம், வேன் தம்பி டுரியான் உடைத்தார். சீசன், கம்பத்து (கிராமத்து) டுரியான் கிலோ 10 வெள்ளி. பாட்டி ஒரு சுளையைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார். நான் முதல் சுளையை மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்றேன், மூன்றாவதைக் கேட்டு வாங்கினேன்.

மழை விட்டதும் 187-ஆம் பக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த ஒரு தாள், 187-188, இந்தப் பிரதியில் இல்லை. ஜொகூரில் ஒரு வீட்டில் கிடைத்த இன்னொரு பிரதியிலும் கரையான் அந்த இடத்தைத்தான் தின்றிருக்கிறது. கதை அப்போது மலாயாவின் எமர்ஜென்சி காலத்தில் நடக்கிறது. இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதுதான் அவசர நிலைக்கே தொடக்கம், அது 1960 வரை நீடித்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வேலைக்குச் சோறு கொண்டுபோகவும் தடை. 186-ஆம் பக்கக் கடைசியில் ஒரு தாய் வாசல் சோதனையில் வரிசையில் நிற்கிறாள். 189-ல் அவள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது?

"எனக்குத் தெரியும்" என்றார் பாட்டி.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொழுந்தன் இந்த நாவலை ராத்திரி ராத்திரி வாசித்துக் காட்டியிருக்கிறார், இரண்டு தடவை. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அந்தத் தாய் ஒரு பிடி சோற்றை வெற்றிலைச் சுருக்குப்பைக்குள் வைத்து மறைக்கிறாள். சிப்பாய் பையை அமுக்கிப் பார்க்கிறான், சூடு தெரிகிறது. அவன் அவள் முகத்தைப் பார்க்கிறான். அப்புறம் "போ" என்கிறான். சொல்லி முடித்து, "அவன் நல்லவனான்னு கதையில சொல்லல. கொழுந்தன் அந்த எடத்துல நிறுத்திட்டாரு. நாங்களும் ஒண்ணும் பேசல" என்றார். தான் சின்னப் பிள்ளையாக அந்த வாசலில் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் அதே மூச்சில் சொன்னார். எது நாவல் எது அவர் வாழ்க்கை என்று பிரிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

பாட்டி சொன்னதை அந்த இடத்தில் அச்சிடலாமா? பெரிய வாக்குவாதம். பெண்கள் மூவரும் போடலாம் என்றார்கள். வாத்தியார் கூடாது என்றார், எழுதியவரின் வரி இல்லாததை அவர் பெயரில் போட நமக்கு உரிமை இல்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இரண்டு பக்கத்தையும் வெள்ளையாக விடுவது, பாட்டி சொன்னதைப் புத்தகத்தின் கடைசியில் அவர் சொன்னபடியே போடுவது என்று முடிவானது. பாட்டிக்குத் திருப்தி இல்லை. "காலியா விட்டா அச்சுக்காரன் மறந்துட்டான்னு நெனைப்பாங்க" என்றார். அதனால் வெள்ளைப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: இந்தத் தாள் உங்களிடம் இருந்தால் கொடுங்கள்.

ஜூலை 13, ஞாயிறு

தோட்டத்தைப் பார்க்கப் போனோம். ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். வரிசை வரிசையாக ஒரே உயரம், உள்ளே பகலிலும் மங்கலான பச்சை. லயம் இருந்த இடத்தில் புல். மாரியம்மன் கோவில் மட்டும் புதுப் பெயின்ட்டோடு நிற்கிறது. திரும்பும் வழியில் வேன் சேற்றில் மாட்டிக்கொண்டது, மோட்டார் சைக்கிளில் வந்த வங்கதேசத் தொழிலாளர்கள் இரண்டு பேர் கேட்காமலேயே இறங்கித் தள்ளிவிட்டுப் போனார்கள்.

மாலையில் வாத்தியார் கணக்கு நோட்டைக் காட்டினார். 300 பிரதி அச்சிடத் திட்டம், ஒன்று 30 வெள்ளி. இதுவரை 184 பேர் கட்டியிருக்கிறார்கள். பலர் மாதம் 10 வெள்ளியாக மூன்று தவணை. பெயர் பெயராகப் பார்த்தேன்: டாக்சி ஓட்டுநர், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர், தைப்பிங்கில் தையற்கடை, பினாங்கில் ஓர் ஓய்வு பெற்ற கிராணி (எழுத்தர்), தன் பெயர் வேண்டாம் என்று 10 பிரதிக்குக் கட்டிய ஒருவர்.

"எங்களுக்கு இது புதுசு இல்லம்மா" என்றார் வாத்தியார். துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலத்தில், மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவரும் இந்த ஊர்க்காரருமான துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பால் வெட்டுகிறவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். வாத்தியாரின் அப்பாவும் கட்டியவர். "அன்னிக்குத் தோட்டம் வாங்கக் கட்டுனோம். இன்னிக்குப் புத்தகம் வாங்கக் கட்டுறோம்."

நான் 185-வது ஆளாகக் கட்டினேன். ரசீதில் அவர் கையெழுத்து, இரண்டு பக்கமும் தமிழ் எண்ணில் தேதி.

இந்த 184 பேரில் நான் நேரில் பார்த்தது 20 பேர் இருக்கும். மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கட்டிய பத்து வெள்ளி எனக்கு என்ன என்று எப்படிச் சொல்வது? ஒரு மனுஷன் ராத்திரி விளக்கில் உட்கார்ந்து எழுதியது நாற்பது வருஷம் ஒரு துணிக்குள் கிடந்தது, அதை நீங்கள் படிக்காமலேயே நம்பி எழுப்புகிறீர்கள். இன்னும் பிரதிகள் பாக்கி இருக்கின்றன. ஆள் இருந்தால் சொல்லுங்கள், வாத்தியார் பெயரை எழுதிக்கொள்வார்.

ஜூலை 14, திங்கள்

ரயில் 25 நிமிடம் தாமதம். பாட்டி ஸ்டேஷனுக்கு வந்தார். வாழை இலையும் செய்தித்தாளும் சுற்றிய நாசி லெமாக் பொட்டலம் இரண்டு, "ஒண்ணு ஈப்போல சாப்புடு, ஒண்ணு கேஎல் போயி" என்று கையில் திணித்தார். வாத்தியார் 121 முதல் 160 வரை புதிதாக அச்செடுத்த தாள்களைக் கொடுத்தார், இந்தத் தடவை பழைய பிரதியின் போட்டோக்களோடு.

முதல் பொட்டலத்தை ஈப்போ வரை வைத்திருக்க முடியவில்லை. சம்பல் எண்ணெய் 131-ஆம் பக்கத்தின் ஓரத்தில் பட்டுவிட்டது. துடைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். தஞ்சோங் மாலிம் தாண்டும்போது பதினோராவது பெரட்டைத் திருத்தியிருந்தேன்.